மேடை ஒலியும் மின்காப்பும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைக் கற்றோர் மாதவி ஆடிய அரங்கின் அளவுகளை மறந்திருக்கமாட்டார்கள். இருபத்துநான்கு விரல் கொண்ட கோலால் அளந்து, 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமுமாக அவ்வரங்கு அமைக்கப்பட்டது என்றும், தூண்களின் நிழல் உள்ளே விழாதவாறு விளக்கு நிறுத்தப்பட்டது என்றும் இளங்கோவடிகள் கூறுவர். ஆடுவோர் முகத்தை நிழல் மறைத்தலாகாது என்பதே அவ்வொழுங்கின் கருத்துப்போலும். அன்று விளக்கமைத்தோர் கொண்ட அக்கறையை இன்று ஒலியமைப்போரும் கொள்ளல் வேண்டும். பேசுவோரின் சொல் அவையின் கடைசி வரிசைவரை குறைவின்றிச் செல்லல் வேண்டும். அதனைச் செலுத்தும் கருவியால் எவருக்கும் ஊறு நேரலாகாது. இவ்விரண்டுமே ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

தமிழாசிரியனுக்கு மின்கருவியோடு என்ன தொடர்பு என நண்பர் சிலர் வினவக்கூடும். நாடகம், பட்டிமன்றம், வில்லுப்பாட்டு, வாணிவிழா என மேடையேறுவன பலவும் தமிழாசிரியர் தலையிலேயே வந்து பொறுத்தலால், ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் அவற்றோடு கூடவே வந்துசேர்ந்தன. பழைய மாணவர்கள் யூபிலி நினைவாக எமது மண்டபத்துக்குப் புதிய ஒலிக்கலவை மேசை ஒன்றை அன்பளித்துள்ளார்கள். மாணவர் அதனை ‘மிக்சர்’ என்றே வழங்குவர். கூம்பு ஒலிபெருக்கியும் வால்வு அம்பிளிபயரும் கொண்டு விழா நடாத்திய தலைமுறையினர் தந்த கொடையைக் கையாளவிருப்போர் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். அவர்கட்கு யாமறிந்தவற்றை முறையாகச் சொல்லிவைத்தல் கடமை என எண்ணி இதனை எழுதலானோம்.

முதலில் எமது குற்றமொன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். சில ஆண்டுகட்கு முன் வாணிவிழாவுக்கு முதல்நாள் ஒத்திகையின்போது, ஒலிபெருக்கியிலே வண்டு முரல்வதுபோன்ற ஓர் இரைச்சல் ஓயாது கேட்டது. பிளக்கினுள்ளே புவித்தொடுப்பு வயரைக் கழற்றிவிட்டால் இரைச்சல் நின்றுவிடும் என்றார் ஒருவர். யாமும் இசைந்தோம். இரைச்சல் நின்றது. மறுநாட் காலை, மழையில் நனைந்த நிலத்தில் வெறுங்காலுடன் நின்று தேவாரம் பாடவந்த மாணவன் ஒருவன் ஒலிவாங்கியைத் தொட்டதும் ‘ஆ’ என்று கையை உதறினான். இறையருளால் அவனுக்குத் தீங்கொன்றும் நேர்ந்திலது. ஆயினும் அவனுடைய தாயார் முன்வரிசையில் இருந்து எம்மை நோக்கிய நோக்கு இன்றும் எம் நெஞ்சை விட்டகலவில்லை.

நடந்ததற்குக் காரணம் இது. ஒலிவாங்கியின் உலோக உடல், வயரின் வலைக்கவசத்தினூடாகக் கலவை மேசையின் உலோகப் பெட்டியோடு இணைந்துள்ளது. அப்பெட்டி புவித்தொடுப்பு வயரினூடாக நிலத்தோடு இணைதல் வேண்டும். இக்காலத்துக் கருவிகளின் மின்வழங்கியில், மின்னிரைச்சலை வடிக்கும் கொள்ளளவிகள் மின்வயருக்கும் பெட்டிக்கும் இடையே பூட்டப்பட்டிருக்கும். அவற்றினூடு எப்போதும் சிறிதளவு மின் கசியும். புவித்தொடுப்பு உள்ளவரை அது நிலத்துட் சென்றடங்கும். தொடுப்பு அறுந்ததாயின் பெட்டியும் அதனோடிணைந்த ஒலிவாங்கியும் மின்னேறி நிற்கும். தொடுபவனின் உடலே அதற்கு வழியாகும். வெறுங் கசிவாயின் ‘சுள்’ என்ற உணர்ச்சியோடு போகும். உள்ளே வயரொன்றின் காப்புறை கிழிந்து பெட்டியைத் தொட்டிருந்தாலோ 230 வோல்ற்றும் முழுமையாக வந்து தாக்கும்.

பிளக்கிலே உருகி உண்டன்றோ, அது காவாதோ எனின், காவாது. எமது சதுரமுனைப் பிளக்கில் உள்ள உருகி 3 அல்லது 13 அம்பியர் அளவினது. மனிதனின் கைத்தசைகள் இறுகிப் பிடித்ததை விடமுடியாது செய்வதற்கு ஓர் அம்பியரின் நூற்றிலொரு பங்கு, அஃதாவது 10 மில்லியம்பியர் அளவே போதும். 50 மில்லியம்பியர் அளவு மார்பினூடு பாயின் இதயத்தின் இயக்கம் குலையக்கூடும். உருகி வயரை எரியாமற் காக்க வந்தது. ஆளைக் காக்க வந்ததன்று. ஆளைக் காப்பது 30 மில்லியம்பியர் கசிவிலேயே மின்னைத் துண்டிக்கும் ‘ரிப் சுவிச்’ ஆகும். மேடைக்குச் செல்லும் மின்வழியில் அது இருத்தல் வேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தி, அது விழுகின்றதா எனப் பார்த்தலும் வேண்டும்.

இது வீண் அச்சமன்று. 1972 ஆம் ஆண்டு மே மாதம் 3 ஆம் நாள், வேல்சு நாட்டின் சுவான்சி நகரில் லெஸ்லி ஹார்வி என்னும் கிற்றார் வாத்தியக் கலைஞர், புவித்தொடுப்பில்லாத ஒலிவாங்கியைத் தொட்டதும் மேடையிலேயே மின் தாக்கி மாண்டார். கிற்றாரின் கம்பிகளைத் தொட்டிருக்கும் கை நிலத்தோடு இணைந்த கை. மற்றக் கை மின்னேறிய ஒலிவாங்கியைத் தொடுமாயின் மின் ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மார்பினூடாகவே பாயும். மின்வாத்தியம் இசைக்கும் மாணவர் இதனை நன்கு மனங்கொள்வாராக.

அவ்வாறாயின் அந்த இரைச்சலை நீக்குவது எங்ஙனம்? அதன் பிறப்பை அறிந்தால் நீக்கும் வழியும் தோன்றும். கலவை மேசை மண்டபத்தின் பின்புறத்தில் ஒரு பிளக்கிலும், அம்பிளிபயர் மேடையருகே வேறொரு பிளக்கிலும் மின் பெறும்போது, இரண்டும் இரு வேறிடங்களில் நிலத்தோடு இணைகின்றன. அவற்றுக்கிடையே ஓடும் ஒலிவயரின் கவசம் அவ்விரண்டையும் மீண்டும் இணைக்க, ஒரு வளையம் உண்டாகின்றது. அவ்வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டமே 50 ஏட்சு மீடிறனிலும் அதன் மடங்குகளிலும் இரைச்சலாய்க் கேட்கும். ஆகவே, ஒலிக்கருவிகள் யாவும் இயன்றவரை ஒரே மின்வழியிலிருந்து மின் பெறல் வேண்டும். மூன்று முனைகொண்ட சமநிலை வயர்களையே பயன்படுத்தல் வேண்டும். ஒலிவயரை மின்வயரோடு சேர்த்துக் கட்டலாகாது. இரண்டும் குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் குறுக்கிடச் செய்க. இவற்றாலும் தீராதாயின் நிலைமாற்றி பூட்டிய ‘டி.ஐ. பெட்டி’யை இடையில் வைக்கலாம். அப்பெட்டியில் உள்ள நிலத்தொடுப்பு ஆளி ஒலிவயரின் கவசத்தை மாத்திரமே பிரிக்கும். மின்சாரத்தின் புவித்தொடுப்பை அது தீண்டாது. மின்பிளக்கின் புவித்தொடுப்பு எக்காரணத்தாலும் தீண்டத்தகாதது. மூன்று துளையுள்ள செருகியின் மேற்றுளையிலே பேனையையோ குச்சியையோ செருகி இருமுனைப் பிளக்கைப் புகுத்தும் வழக்கத்தையும் இன்றோடு கைவிடுவோமாக.

மின் வழங்கும் முறை

எமது நாட்டு மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஏட்சு ஆடலோட்டம். 1990களின் முற்பகுதியில் குடாநாட்டில் மின்சாரமே இல்லாதிருந்தபோது, மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர் எம்முட் பலர். 2022 மார்ச்சு மாத இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு நிகழ்ந்ததையும் கண்டோம். ஆதலின் மின்பிறப்பாக்கி எம் விழாக்களுக்குப் புதியதன்று. அதனை இயக்கியவுடன் கருவிகளை இணைத்தலாகாது. ஓட்டம் சீராகும்வரை பொறுத்து, வோல்ற்றுமானியில் அளவைப் பார்த்த பின்பே இணைத்தல் வேண்டும். எண்ணெய் தீர்ந்து இயந்திரம் திணறும் தறுவாயில் வோல்ற்றளவு ஏறி இறங்கும். அதற்கு முன்னரே ஒலிக்கருவிகளை நிறுத்திவிடுக. அலங்கார விளக்குகளையும் ஒலிக்கருவிகளையும் ஒரே நீட்சி வயரில் தொங்கவிடுதல் தவறு. சுற்றிவைத்த நீட்சி வயரை முழுவதும் விரித்தே பயன்படுத்துக. சுருளாகவே விட்டு மிகுந்த மின் பாய்ச்சின் அது சூடேறி உருகும்.

சிறு கலவை மேசைகளும், காலால் மிதித்து இயக்கும் ஒலிவிளைவுக் கருவிகளும் ‘அடப்ரர்’ மூலம் மின்பெறுவன. இவற்றிலே பிள்ளைகள் பெரிதும் பிழைவிடுவர். முனை பொருந்திவிட்டது என்பதனால் மின்னும் பொருந்திவிடாது. சில மேசைகள் ஆடலோட்டம் தரும் அடப்ரரையே வேண்டுவன; சில நேரோட்டம் வேண்டுவன. மிதிகருவிகளுட் பல 9 வோல்ற்று நேரோட்டத்தில், நடுமுனை எதிரேற்றமாக அமைந்தவை. நடுமுனை நேரேற்றமாக உள்ள அடப்ரரைப் பூட்டின் ஒரு கணத்திற் கருவி கெடும். எனவே மூன்றைப் பார்த்தல் வேண்டும்: ஓட்டத்தின் வகையும் முனையின் ஏற்றமும் ஒன்று, வோல்ற்றளவு இரண்டு, மில்லியம்பியர் அளவு மூன்று. முன்னிரண்டும் கருவியிற் குறித்தபடியே இருத்தல் வேண்டும். மூன்றாவது குறித்ததற்குக் குறையாதிருத்தல் வேண்டும், மிகுந்திருப்பின் குற்றமில்லை. ஒவ்வோர் அடப்ரரிலும் அது எக்கருவிக்குரியது என எழுதி ஒட்டிவைத்தால் பாதித் துன்பம் தீரும்.

இயக்கும் ஒழுங்கும் ஒன்றுண்டு. எல்லா ஒலிநெம்புகளையும் கீழே இறக்கி, முதலில் வாத்தியங்களையும் விளைவுக் கருவிகளையும், பின் கலவை மேசையையும், ஈற்றில் அம்பிளிபயரையும் இயக்குக. நிறுத்தும்போது அம்பிளிபயரை முதலில் நிறுத்துக. முன்னுள்ள கருவிகள் மின்பெறும்போதும் இழக்கும்போதும் ஒரு துடிப்பை வெளிவிடும். அம்பிளிபயர் விழித்திருந்தால் அத்துடிப்பைப் பன்மடங்கு பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும்; ‘டமார்’ என்ற ஓசையோடு அதன் சுருள் கருகுதலும் கூடும். ‘கடைசியில் எழுந்து முதலில் உறங்குவது அம்பிளிபயர்’ என மாணவர்க்குச் சொல்லிவைத்துள்ளோம்.

‘பாண்டம்’ எனப்படும் 48 வோல்ற்று ஆளியைப்பற்றியும் ஒரு சொல். கொள்ளளவி வகை ஒலிவாங்கிகளுக்கு உள்ளே மின் தேவை. அதனைத் தனி வயரின்றி ஒலி வரும் வயரினூடாகவே மேசையிலிருந்து அனுப்புதலே இதன் தொழில். ஜேர்மனியின் நொய்மன் நிறுவனம் 1966 இல் நோர்வே ஒலிபரப்புக் கழகத்துக்காக இம்முறையை அமைத்தபோது, அங்கு அவசர விளக்குகளுக்கென 48 வோல்ற்று மின் முன்னரே இருந்தமையால் அவ்வளவே நிலைத்துவிட்டது என்பர். சமநிலை வயரில் வரும் சாதாரண சுருள்வகை ஒலிவாங்கிக்கு இதனாற் கேடில்லை. பழைய நாடாவகை ஒலிவாங்கிக்குக் கேடு நேரலாம். விளைவுக் கருவியின் வெளிவாயையோ விசைப்பலகையின் வெளிவாயையோ ஒலிவாங்கி வாயிற் பூட்டியிருக்கும்போது இவ்வாளியை இட்டால் அக்கருவிகளும் கெடக்கூடும். அவற்றை வரித்தட வாயிலேயே பூட்டுக. ஒலிநெம்பை இறக்கிய பின்னரே இவ்வாளியைத் தொடுக. வயரைப் பூட்டுவதும் கழற்றுவதும் ஆளி அணைந்திருக்கும்போதே.

ஒலிவிளைவுகள்

இனி, மாணவர் பெரிதும் விரும்பும் பகுதிக்கு வருவோம். புதிய மேசையில் ‘எபெக்ற்’ என எழுதிய குமிழ் ஒன்றுண்டு. அதனைத் திருப்பினால் குரல் கோவில் மண்டபத்திற் பாடியதுபோல் நீண்டு ஒலிக்கும். இதனைத் திருப்பாத மாணவனை யாம் கண்டதில்லை.

மண்டபத்தில் எழுந்த ஒலி சுவரிலும் கூரையிலும் பட்டுப் பன்முறை திரும்பிவந்து மெல்ல அடங்குதலே எதிர்முழக்கம். 1895 இல் அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபம் ஒன்றில் பேச்சு விளங்காதிருக்க, அதனைத் திருத்தும் பணி வலஸ் சபின் என்னும் இளம் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஓர் ஓகன் குழலை ஊதி நிறுத்தி, ஓசை அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்தார் அவர். வெறுமையான மண்டபத்தில் அது ஐந்தரை விநாடிக்கு மேல் நீடித்தது. அயலிலிருந்த நாடக மண்டபத்தின் இருக்கை மெத்தைகளை இரவிற் கொண்டுவந்து அடுக்க அடுக்க அந்நேரம் குறைந்தது. மனித உடலும் அவ்வாறே ஒலியை உறிஞ்சும் எனக் கண்டார். 1900 இல் திறக்கப்பட்ட பொஸ்ரன் சிம்பனி மண்டபம் இவ்வாராய்ச்சியின் பயன். எமக்கு இதிலுள்ள பாடம் யாதெனின், வெறும் மண்டபத்தில் ஒத்திகையின்போது வைத்த அளவு, அவை நிறைந்தபின் பொருந்தாது என்பதே.

இயற்கையான முழக்கத்தைச் செயற்கையாக ஆக்கும் முயற்சியும் சுவையானது. 1947 இல் பில் புட்னம் என்பவர் சிக்காகோவில் ஒலிப்பதிவு நிலையத்தின் குளியலறையில் ஒலிபெருக்கியும் ஒலிவாங்கியும் வைத்து இம்முழக்கத்தைப் பெற்றார். 1957 இல் ஜேர்மனியர் பெரிய உருக்குத் தகடொன்றை அதிரச்செய்து பெற்றனர். 1976 முதல் எண்முறைக் கருவிகள் வந்தன. அன்று ஓர் அறையை நிறைத்த வித்தை இன்று எமது மேசையில் ஒரு சிறு சில்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றது.

விளைவுக் கருவியை மேசையோடு இணைக்க இருவழிகள் உள. சமப்படுத்தி, ஒடுக்கி போல ஒலி முழுவதையும் திருத்துவனவற்றை அந்தந்தத் தடத்தின் ‘இன்சேர்ட்’ வாயில் இடைச்செருகல் வேண்டும். முழக்கம், எதிரொலி போல மூலவொலியோடு சிறிது கூட்டப்படுவனவற்றை ‘ஒக்ஸ்’ எனும் துணைவழியால் அனுப்பித் திரும்பப் பெறல் வேண்டும். துணைவழியாயின் ஒரே கருவியைப் பாடகர் அனைவர்க்கும் வேண்டிய அளவிற் பங்கிடலாம். அப்போது கருவியின் கலப்புக் குமிழை முழு விளைவில் வைக்க; மூலவொலி மேசையிலேயே உள்ளதன்றோ.

துணைவழி ஒலிநெம்புக்கு முன்னிருந்து பிரிவதும் உண்டு. பின்னிருந்து பிரிவதும் உண்டு. விளைவுக்குப் பின்வழியே தகும். ஒலிநெம்பை இறக்கினால் முழக்கமும் உடனிறங்கும். முன்வழியில் இட்டால் பாடகர் குரலை இறக்கிய பின்னும் அவரது முழக்கம் மாத்திரம் ஆவிபோல் மண்டபத்தில் உலவும். மேடையில் உள்ளோர் தம் குரலைக் கேட்கும் ஒலிபெருக்கிக்கு முன்வழியே ஏற்றது. அதில் முழக்கம் கலவாதிருத்தலும் நன்று. விளைவுக் கருவியின் திரும்புவழியைத் தடமொன்றிற் கொண்டுவந்தால், அத்தடத்தில் அதே துணைவழிக் குமிழைப் பூச்சியத்தில் வைக்க மறவற்க. மறந்தால் விளைவு தன்னையே மீண்டும் மீண்டும் உண்டு, ஊளையிட்டு, ஒலிபெருக்கியையும் செவியையும் வருத்தும்.

இனி அளவைப்பற்றித் தமிழாசிரியன் என்ற முறையிற் சில சொல்லுவோம். குறிலுக்கு ஒன்றும் நெடிலுக்கு இரண்டும் மெய்க்கு அரையும் மாத்திரை வகுத்தனர் எம் முன்னோர். கண்ணிமைத்தலும் கைந்நொடித்தலும் மாத்திரைக்கு அளவு என்றனர். விரைவின்றிப் பேசுவோரும் ஒரு விநாடியில் நாலைந்து அசைகளைச் சொல்லுவர். முழக்கம் 3 விநாடி நீளுமாயின், ஓர் அசை அடங்குமுன் பன்னிரண்டுக்கு மேற்பட்ட அசைகள் அதன்மீது வந்து விழும். முதலில் அழிவன அரைமாத்திரை மெய்களே. லகர ளகர ழகர வேறுபாட்டைப் பிள்ளையின் நாவிற் பதிக்க ஆண்டுகள் பல உழைக்கின்றோம். அதனை ஒரு குமிழின் திருப்பால் அழித்தல் முறையாகுமா?

ஆதலால் சொற்பொழிவு, பட்டிமன்றம், அறிவித்தல் ஆகியவற்றுக்கு விளைவு வேண்டா. எமது மண்டபத்துச் சீமேந்துச் சுவரும் தகரக் கூரையும் தருவதே போதும். பண்ணிசைக்கும் பாட்டுக்கும் ஒன்றரை விநாடி அளவான முழக்கத்தைச் சிறிதே கலக்கலாம். மூலவொலிக்கும் முழக்கத்துக்கும் இடையே 20 முதல் 40 மில்லிவிநாடி தாமதம் வைப்பின் சொல் தெளிவாய் முன்னிற்கும். திரும்புவழியில் தாழ்ந்த மீடிறன்களைக் குறைத்தால் குழப்பம் நீங்கும். நாடகத்தில் அசரீரிக்கு எதிரொலி இடலாம். பாட்டில் எதிரொலி இடுவதாயின் தாளத்தோடு பொருத்துக: ஆதிதாளத்தின் ஓர் எண்ணிக்கை 1 விநாடியாயின், 500 மில்லிவிநாடி எதிரொலி அரை எண்ணிக்கையில் வந்து பொருந்தும். பாட்டு முடிந்து பாடகர் நன்றி கூறத் தொடங்குமுன் விளைவை அணைத்துவிடல் வேண்டும். முழக்கம் கேட்கின்றதா என ஐயுறும் அளவே சரியான அளவு. அவையோர் அதனைக் கவனித்துவிட்டால் அது மிகை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். விழாவுக்கு விழா புவித்தொடுப்பையும் ரிப் சுவிச்சையும் தகுதிபெற்ற மின்வினைஞர் ஒருவரைக் கொண்டு பரிசோதித்தல் வேண்டும். பழைய மாணவருள் அத்துறை வல்லார் பலர் உளர். அவர்கள் ஆண்டுக்கு ஒருநாள் வந்து பார்ப்பாராயின், மேசையை அன்பளித்ததிலும் பெரிய கொடை அதுவாகும். மாணவர்காள், ஒலிவாங்கியைத் தொட்டதும் ‘சுள்’ என்றால் அதனைச் சிரித்து விட்டுவிடாதீர். நிகழ்ச்சியை நிறுத்துங்கள்; தலைவர் பேசிக்கொண்டிருந்தாலும் நிறுத்துங்கள். அதற்காக உங்களைக் கடிந்துகொள்ளும் ஆசிரியர் எவரும் இக்கல்லூரியில் இரார்.

அன்று கையை உதறிய மாணவன் இன்று இளைஞனாகிவிட்டான். இவ்யூபிலி விழாவின் முதல் நிகழ்ச்சியாக அவனே தேவாரம் பாடவிருக்கின்றான். அவன் தொடுமுன் அவ்வொலிவாங்கியின் மின்வழியை மின்வினைஞரோடு உடனின்று இம்முறை யாமே சோதித்துப் பார்ப்போம்.

கல்லூரி அன்னை நீடு வாழ்க!